சிவப்பு மெயில்

மாற்றி எழுதிய கணினி நிரலைச் சர்வரில் தன் பெயரால் ஏற்றும் வழக்கம் பானுப்பிரியாவுக்கு இல்லை. முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டு உடன் வேலை செய்யும் அன்பரசனிடம் நீட்டிவிடுவாள்.

"அண்ணே, நீங்களே ஏத்திருங்கண்ணே."

"ஏம்மா, எம் பேருல எம்புட்டு வேலைதான் நடக்கும்? சார் பாத்தா எனக்குச் சம்பளத்தக் கூட்டிருவாரு. அப்புறம் உனக்குத்தான் வயித்தெரிச்சல்."

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பட்டாசுக் கம்பெனிகளின் ஆர்டர், லோடு, பில் எல்லாவற்றுக்கும் மென்பொருள் எழுதினார்கள். மூன்றே பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் தெரியாமல் அழித்துவிடும் சண்டை அடிக்கடி வந்ததால், அந்த ஆண்டு முதலாளி சங்கரபாண்டியன் சப்வெர்ஷன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். எல்லோருடைய மாற்றங்களும் ஒரே சர்வரில் சேரும், பழையதும் அழியாது, ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயர் நிற்கும். மாலையில் சர்வர் தானாகவே அனைத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும். ஓடாவிட்டால், கடைசியாகக் கை வைத்தவரின் பெயரைச் சிவப்பில் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பும்.

அந்தச் சிவப்புக்குப் பயந்துதான் பானு பென் டிரைவை நீட்டினாள். அவள் அப்பா சின்னச்சாமி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். அறை வெடித்த அன்று உள்ளே இருந்த எவரும் பிழைக்கவில்லை. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் போர்மேன் சொல்லிவிட்டார்: "சின்னச்சாமிதான் கை தவறிட்டான்." பார்த்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாயடியில் நிற்கையில், பள்ளிக்கூடம் போகையில், 'கை தவறுன சின்னச்சாமி மக' என்ற பேச்சு அவள் முதுகில் வந்து ஒட்டும். ஒரு தவறுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை நிற்க அவளிடம் தெம்பில்லை.

ஆடி மாதம் அன்பரசன் குலசாமி கும்பிட ஊருக்குப் போயிருந்தபோது, விருதுநகர் வியாபாரி ஒருவரின் பில்லில் தள்ளுபடி இரண்டு முறை கழிந்துவிட்டது. பானு எழுதிய பகுதி. அந்தக் கணக்கை மட்டும் தனியாக ஒரு புது ஃபைலில் எழுதிச் சரிசெய்தாள். அவள் கணினியில் ஒழுங்காக ஓடியது. பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு அன்பரசனின் காலி நாற்காலியைச் சற்று நேரம் பார்த்தாள். பணம் குறைந்துபோன பட்டாசுக் கம்பெனி அதற்குள் மறுபடி போன் செய்துவிட்டது. வேறு வழியில்லாமல் தன் பெயரிலேயே ஏற்றினாள். செய்ததை விளக்கும் குறிப்புப் பெட்டியைக் காலியாக விட்டாள்.

மாலையில் மெயில் வந்தது. சிவப்பில், பானுப்பிரியா.

வேலை போனதென்றே நினைத்து, அவள் டிபன் பாத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சங்கரபாண்டியன் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழையதையும் புதியதையும் திரையில் அருகருகே திறந்தார்.

"இந்த வரிய ஏன் மாத்துன?"

அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பானு எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள், கேள்விக்கு மட்டும் தயாராக இல்லை.

"தள்ளுபடி ரெண்டு எடத்துல கழிஞ்சது சார். பில்லுல ஒருவாட்டி, லோடு போடையில ஒருவாட்டி. ஒரே எடத்துக்குக் கொண்டுவந்தேன்."

"சரியாத்தான செஞ்சிருக்க. அந்த ஒரே எடம் எங்கன இருக்கு?"

தேடினாள். அந்தப் புது ஃபைல் சர்வரில் இல்லை. புதிதாக உருவாக்கிய ஃபைலைச் சேர்க்கும்படி சர்வரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். இத்தனை மாதமும் அதை அன்பரசன் அவளுக்காகச் செய்துவந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"என் தப்புதான் சார்."

"ஆமா, உன் தப்புதான்" என்றார் கொட்டாவி விட்டபடி. "சேத்துட்டுக் கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

அவர் எழுந்து போன பிறகும் 'ஏன் மாத்துன?' என்ற கேள்வி அவளிடமே நின்றது. அப்பாவைக் கேட்க வழியில்லை; அதுதான் போர்மேனுக்கு வசதியாகப் போயிற்று. ஒருவேளை அப்பாவின் கைதான் தவறியிருக்குமோ? இத்தனை வருடம் கிட்டவே சேர்க்காத அந்த நினைப்பு இன்று வந்து உட்கார்ந்தது. அவள் விரட்டவில்லை. தவறியிருந்தாலும் அவர் அப்பாதான்.

ஃபைலைச் சேர்த்தாள். குறிப்புப் பெட்டியில், 'தள்ளுபடி ஃபைலைச் சேர்க்க மறந்துவிட்டேன். இப்போது சேர்த்திருக்கிறேன்' என்று எழுதினாள். பெயரைச் சர்வரே போட்டுக்கொள்ளும். இருந்தும் அதன் கீழே, அப்பாவின் முதலெழுத்தோடு, சி. பானுப்பிரியா என்று தட்டிவிட்டு ஏற்றினாள்.