பேக்கரிக்காரரின் மோட்டார்

வெள்ளம் வடிந்த இருபதாம் நாள், எனக்கு ஒரு தையல் மெஷின் ஒதுக்கியிருப்பதாக நிவாரண அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்குத் தைக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பட்டன் அறுந்தால்கூட என் கணவர்தான் தைப்பார்.

எங்களுடையது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கருகிப்போன மோட்டாரிலிருந்து பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். பதினான்கு வருடமாகச் சுற்றியதும் இறக்கியதும் நான். வெளியே பலகையில் இருந்தது அவர் பெயர். தண்ணீர் ஏறிய காலையில், "கம்பியை மட்டும் பரண்ல போட்டுட்டு வந்துடறேன்" என்று கடைக்குப் போனார். கம்பி நனையவில்லை. அவரை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

நிவாரண அதிகாரி கெட்டவர் இல்லை. நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்லித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

"சிறுதொழில் உதவி, தொழில் நடத்தினவங்களுக்குத்தாம்மா. கடை உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. புருஷனை இழந்தவங்களுக்குத் தையல் மெஷின்னு பட்டியல் வந்திருக்கு."

"அதுல மோட்டார் இருக்கா சார்?"

"கால்ல மிதிக்கிறது."

"அப்ப அதை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? காயில் சுத்தற மெஷின் குடுங்க."

கூட வந்திருந்த நாத்தனார் என் முதுகில் கிள்ளினாள். என் கணவரின் தங்கை. வெள்ளத்துக்குப் பிறகு என்னோடுதான் இருந்தாள். "அண்ணி, வர்ற லட்சுமியைக் காலால எத்தாதீங்க" என்று காதில் முணுமுணுத்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு வேலை தெரியும்னு நான் கண்ணால பாத்தா மாத்தி எழுதலாம். வெள்ளிக்கிழமையோட பட்டியலை மூடறோம்."

அன்று செவ்வாய்க்கிழமை.

எங்கள் தெருப் பேக்கரிக்காரருக்கு நிவாரண உதவியாகப் புது அடுப்பு வந்திருந்தது. ஆனால் மாவு பிசையும் மெஷினின் மோட்டார் சேறு குடித்துக் கிடந்தது. அவரும் அவர் மனைவியும் கையாலேயே பிசைந்து தோள் கழன்றுபோயிருந்தார்கள்.

மோட்டாரை நான் கட்டித் தருகிறேன் என்று கேட்டதும், "உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா கண்ணை மூடிகிட்டுக் குடுத்திருப்பேன்" என்று இழுத்தார்.

"நீங்க கண்ணைத் தொறந்துகிட்டே குடுங்க" என்றேன்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். அண்ணன் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

கையால் சுழற்றும் எங்கள் பழைய மெஷின் வெள்ளத்தோடு போயிருந்தது. பலகைத் துண்டில் ஆணி அடித்து, மடியில் வைத்து, எண்ணி எண்ணிச் சுற்றினேன். காயிலுக்கு அடியில் வைக்கும் காகிதத்தை நாத்தனார் வெட்டிக் கொடுத்தாள்.

"ஷாக் அடிக்குமா அண்ணி?"

"கரண்டே குடுக்கல. காகிதமா அடிக்கும்?"

"எங்கண்ணன்கிட்ட தொழிலைக் கத்துக்கிட்டீங்களோ இல்லையோ, வாயைக் கத்துக்கிட்டீங்க."

வியாழக்கிழமை வார்னிஷ் பூசி, மோட்டாரின் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். கோப்பில் மாவு படாமல் தள்ளியே நின்றார். வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதிப் பேர் வாசலில் இருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. உறுமவில்லை, புகையவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு நிமிடம்கூட இருக்காது. உள்ளே இருந்த கொக்கி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, மாவை மேலே மேலே தள்ளி விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டது.

"ஏம்மா, பிசையச் சொன்னா கக்குதே!" என்று கத்தினார் பேக்கரிக்காரர். வாசலில் ஒரே சிரிப்பு. அதிகாரி பேனாவை மூடினார்.

பழைய கம்பியைப் பிடுங்குமுன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எத்தனை சுற்று, எந்த முனை எதோடு சேர்கிறது. எண்ணுவது என் வேலை. முனைகளைச் சேர்ப்பது அவர் வேலை. நான் சமைக்க எழுந்துபோகும் நேரத்தில்தான் அவர் அதை முடிப்பார். பதினான்கு வருடத்தில் அந்த அரைமணி நேரத்தை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு பிடுங்கிவிட்டேன்.

கேட்க ஆள் இல்லை. யோசித்தேன். இந்த மோட்டாரில் இரண்டு காயில். தடித்த கம்பியில் சுற்றியது ஓடிக்கொண்டே இருப்பதற்கு. மெல்லிய கம்பியில் சுற்றியது, நின்ற வண்டியைத் தள்ளிவிடுவதுபோல முதலில் தள்ளிவிட. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம்தானே வண்டி போகும்? அப்படியென்றால் தள்ளுகிறவனை மட்டும் திருப்பி நிறுத்தினால் போதும்.

"சார், அஞ்சு நிமிஷம்."

"இன்னும் ரெண்டு இடம் போகணும்மா."

"அங்கயும் மோட்டார் முங்கித்தான் கெடக்கும். இதைப் பாத்துட்டே போங்க."

பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிச் சேர்த்து டேப் சுற்றினேன். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சுவிட்சைப் போட்டேன். கொக்கி மாவைக் கீழே இழுத்தது, மடித்தது, மறுபடி இழுத்தது. பேக்கரிக்காரர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அப்பாடா, இனிமே இந்தத் தோள் எனக்குத்தான்" என்றார்.

அதிகாரி விடவில்லை. "மொதல்ல தப்பாத்தானே ஓடுச்சு?"

"ஆமா சார். தப்புப் பண்ணதும் நான், அதைக் கண்டுபிடிச்சதும் நான். வேற யாரும் தொடலையே."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். தையல் மெஷின் என்ற வரியை அடித்தார். சிறுதொழில் பட்டியலில் என் பெயரை எழுதினார். "கடையில எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்" என்றேன்.

"யாரு அந்த இன்னொருத்தர்?" இப்படிக் கேட்டது அதிகாரி இல்லை, என் நாத்தனார்.

"நீதாண்டி. பேரைச் சொல்லு."

அவள் வாய் பழக்கத்தில் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டது. நிறுத்தி, தன் பெயரைச் சொன்னாள். முதலில் எழுதியதை அடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அதிகாரி மறுபடி எழுதினார்.