காகிதக் கைகள்

"உங்க பொண்ணுக்கு மட்டும் ஆபரேஷன், கம்பி எல்லாம். எம் புள்ளைக்கு வெறும் மாவுக்கட்டா? அவன் என்ன தவிட்டுக்கு வாங்கின புள்ளையா?"

"கத்தி படாம தப்பிச்சதுக்குச் சண்டை போடற அம்மாவை இப்பதான்டி பாக்கறேன்."

சின்னவள் மாடியிலிருந்து கேட்டாள். அவள் ஓரகத்தி பெரியவள் சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். அக்கம்பக்கத்தார் ரேடியோவைக் குறைத்து உதவியதால் தெருவில் யாருக்கும் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை.

விஷயம் இதுதான். தெரு 'பட்டாசு' என்று கூப்பிடும் பெரியவளின் பதினாலு வயதுப் பெண் சைக்கிளை மிதிக்க, 'நண்டு' என்று கூப்பிடும் சின்னவளின் ஆறு வயது மகன் பின்னால் தொற்றிக்கொள்ள, திருப்பத்தில் இருவரும் வலது கையை ஊன்றி விழுந்தார்கள். ஒரே விழுகை, ஒரே மணிக்கட்டு, ஒரே டாக்டர். ஆனால் வைத்தியம் மட்டும் இரண்டு. பெண் வளர்ந்து முடிக்கிற வயது, கோணலாக ஒட்டினால் கோணல்தான் என்று அவளுக்கு மயக்கம் கொடுத்து இரண்டு கம்பி செருகினார். பையனுக்குக் கட்டு மட்டும். வளர வளர எலும்பு தானே நிமிரும் என்றார்.

ஐந்தாம் வாரம் கட்டைப் பிரித்தபோது நண்டின் மணிக்கட்டு கவிழ்த்த கரண்டிபோல் வளைந்திருந்தது. சின்னவள் தையல்காரி. அரை நூல் கோணினாலும் மொத்தத் தையலையும் பிரிக்கிறவள். மகன் கை அப்படியே நின்றுவிடுமோ என்று அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் வேறொரு ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை என்பது அவள் கணக்கு. தெருவுக்கு மறுநாளே தெரியும்.

புதன்கிழமை பட்டாசுக்குக் கம்பி எடுக்கும் நாள். பெரியவளுக்கு ரத்தம் என்றாலே கண் இருட்டும். படியடியில் வந்து நின்றாள்.

"சண்டையை வந்து போட்டுக்கலாம். இப்ப நீ என்கூட வா."

சின்னவள் முறைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

பெரியவள் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கட்டை அறுத்ததும் தோலுக்கு வெளியே இரண்டு கம்பி முனைகள் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் குறடு ஒன்றை எடுத்தார்.

"சித்தி, அந்தப் பக்கம் பாருங்க. நீங்க விழுந்தா யாரு தூக்கறது?" என்றாள் பட்டாசு.

முதல் கம்பி ஒரு திருகலில் வந்துவிட்டது. இரண்டாவது அடம்பிடித்தது. பட்டாசு கத்தவில்லை, சித்தியின் தோளைக் கடித்தாள். தட்டில் விழுந்த கம்பியைச் சின்னவள் பார்த்தாள். கோணி ஊசி நீளம். நண்டின் குச்சிக் கைக்கு அதை மனசுக்குள் வைத்து அளந்தாள்.

"டாக்டர், வெள்ளிக்கிழமை எம் பையனுக்கு வேற எடத்துல ஆபரேஷன் வச்சிருக்கேன்."

டாக்டர் பஞ்சால் ஒற்றிக்கொண்டே சொன்னார்: "ஒட்டின எலும்பைத் திரும்ப உடைச்சுதான் நேராக்கணும். ஒரு வருஷம் பொறுங்க. நிமிரலைன்னா நானே செய்யறேன்."

"வெறும் வார்த்தையை எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. மாசாமாசம் அளந்து பாருங்க. நீங்க டெய்லர்தானே?"

வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை. நண்டின் கையைப் பக்கவாட்டில் காக்கிக் காகிதத்தின்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரித்து ஆணியில் மாட்டினாள். சட்டைக்கை மாதிரிகளுக்கு நடுவே ஒரு கோணல் கை. அந்த அளவுக்குச் சட்டை தைத்தால் போடுகிறவன் பக்கத்து வீட்டுக் கொய்யாவைத்தான் பறிப்பான் என்று தெரு சிரித்தது.

நண்டு நெளிவான். அவன் முழங்கையை அமுக்கிப் பிடிக்க மாதாமாதம் பெரியவள் மாடியேறி வந்தாள். அவளைச் சின்னவள் கூப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. நான்கு மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சின்னவள் அன்று ஆபரேஷனுக்கு நாள் குறித்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து வைத்தாள். ஆறாம் மாதம் பெரியவள்தான் புதுக் காகிதத்தைப் பழையதன்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அடியே, இங்க பாரு. கோணல் ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கு."

"நீங்க அமுக்கின அமுக்குல நிமிர்ந்திருக்கும், அக்கா."

பதிமூன்றாம் காகிதம் அளவுகோல்போல் நேராக இருந்தது. இரண்டு பிள்ளைகளின் கையையும் சேர்த்து வைத்துத் தெருவே வந்து பார்த்தது. பட்டாசின் கையில் இரண்டு புள்ளித் தழும்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருஷங்கள் கழித்து, அந்தத் தழும்பை மறைக்கப் பட்டாசின் கல்யாண ரவிக்கைக்கு முழுக்கை வைக்கச் சொன்னாள் பெரியவள்; பட்டாசு சித்தியிடம் போய் அரைக்கையாக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத சாது. நண்டு கப்பல் வேலைக்குப் போனான். கடிதத்தில் கையெழுத்து மட்டும் இன்னும் கோணல்.

மகளோடு போய் இருக்கப் பெரியவள் புறப்பட்ட அன்று அந்த வீட்டில் கடைசிச் சண்டை. முதல் கோணல் கைக் காகிதம் தனக்கு வேண்டும் என்றாள். தரமாட்டேன் என்றாள் சின்னவள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து, பெரியவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அந்த ஆறாம் மாதக் காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். பெரியவள் அதை மடிக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டு போனாள்.