ஊசிக் கணவாய்க்குள் வெயில்

காலை பத்து மணிக்குள் கணவாய் சரியாக வரவில்லை என்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். சென்னைக் கம்பெனியில் என் மேலதிகாரி சத்யப்பிரியா நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். அருங்காட்சியகத் திரை ஒன்றுக்காக நான் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாகச் செய்த ஊசிக் கணவாய் மீன் அது. மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறையும் ஒரே குறை: பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதாம்.

புதுமடம் கடற்கரையில் பிறந்தவளுக்கா கணவாய் வரவில்லை! எரிச்சலில் பளபளப்பைக் கூட்டினேன். இன்னும் கேவலமானது.

என் கணவர் காஜா நவாஸ் கரையில் கணவாய் வாங்கி விற்பவர். ஏழு மணிக்கு வாளியோடு வந்தவர், திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன ஜஸீலா, ஐஸுல நாலு நாள் கெடந்த சரக்கு மாதிரில இருக்கு? வெயிலு உள்ளயே போகலையே."

"அதெல்லாம் போற மாதிரிதான் வச்சிருக்கேன் மச்சான்," என்று சீறினேன். தோலில் படும் ஒளி உள்ளே இறங்கி, சிதறி, வேறிடத்தில் வெளியேறும் கணக்கைச் சேர்க்காமலா இருப்பேன்?

அவர் வாளியிலிருந்து உயிருள்ள கணவாய் ஒன்றை எடுத்து, கொல்லையில் வெயிலுக்கு எதிரே பிடித்தார். எத்தனை ஆயிரம் கணவாய் கழுவியிருப்பேன், ஒன்றையும் இப்படிப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் நுழைந்த வெயில் உடம்பு முழுக்கப் பரவியது. நிழலாக இருக்க வேண்டிய பக்கமும் மங்கலாக ஒளிர்ந்தது. வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

அது ஒரு சாண்தான் இருந்தது. ஒரு சாண்! ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். என் கணவாயின் நீளம் ஒன்பது மீட்டர், ஒரு வள்ளம் அளவு. ஒளி இறங்கும் ஆழமோ சில மில்லிமீட்டர். அத்தனை பெரிய உடம்பில் அது தோலோடு நின்றுவிடும். தலையில் அடித்துக்கொண்டு, கணவாயை ஒரு சாணாகச் சுருக்கி, மறுபடி படமாக்க ரெண்டர் போட்டேன்.

கட்டம் கட்டமாகப் படம் தெளிந்தது. கறுத்துக் கிடந்த நிழல் இளகி, உள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றேன். நான் செய்தது என்றே தோன்றவில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு அனுப்பினேன். சத்யப்பிரியா உடனே அழைத்தார்.

"தொட்டா வழுக்கும் போல இருக்கு ஜஸீலா. அடுத்தது மனுஷ முகம். நீங்களே பண்ணுங்க."

சொல்வதற்காகக் கொல்லைக்கு ஓடினேன். கணவர் வெயிலுக்கு முதுகைக் காட்டி வலையை உதறிக்கொண்டிருந்தார். வெயில் உள்ளே புகுந்து அவருடைய காது மடல் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற காது. கிட்டப் போனால் அணைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"என்ன புள்ள, வேல என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பப் போனார்.

"அசையாதீங்க மச்சான்," என்றேன்.