ஒற்றைத் தாள் இதழ்

விடிந்தும் விடியாத நேரம். கண்டி தலதா மாளிகைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கிருஷாந்தி அச்சகத்தின் வெட்டு மெசினுக்கு முன்னால் நின்று பழைய பத்திரிகைக் கட்டொன்றைத் தட்டிச் சமப்படுத்தினாள். தூசி மூக்கில் ஏறியது. மஹய்யாவயிலிருந்து நடந்து வந்த குளிர் இன்னும் காலில் இருந்தது.

அந்த மெசினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். செய்தவன் புண்ணியவான். முதலாளி தேவராசாவோ வேலை சீக்கிரம் முடியவேண்டுமென்று இடது பொத்தானில் ஒரு மரக்கட்டையைச் செருகி டேப் சுற்றிவிட்டார். வலது கை அமுக்க, இடது கை தாளைத் தள்ளலாம். போன செவ்வாய்க்கிழமை நஸீமின் இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின. ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு இனி வரவேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டு, அவன் இடத்தில் கிருஷாந்தியை நிறுத்தினார்.

கட்டுகள் எல்லாம் மலையாளம். ஒரு காலத்தில் கண்டியில் பிழைத்த மலையாளிகளுக்காக இதே அச்சகத்தில் அடித்த வாரப் பத்திரிகை. அதன் வரலாற்றை எழுதும் கேரளத்து ஆய்வாளர்களுக்குப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பவேண்டும். அதற்கு முதலில் கட்டின் தைத்த முதுகை வெட்டித் தாள்களைப் பிரிக்கவேண்டும். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் பெருவிரல் பழகிவிட்டது: இதழுக்கு நான்கு தாள், ஒரே தடிப்பு.

அன்று விரல் ஓரிடத்தில் நின்றது. ஒரே தாளில் ஓர் இதழ்.

“திலக்ஷன், இங்க வாங்க. இது ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு?”

ஸ்கேன் வேலை செய்யும் திலக்ஷன் கைபேசியை அதன்மேல் பிடித்து, அது அரைகுறைத் தமிழில் காட்டியதைக் கூட்டி வாசித்தான்.

“‘மெசினில் எங்கள் தோழரின் கை நசுங்கியது. அவரை நீக்கிவிட்டார்கள். திரும்ப எடுக்கும்வரை அச்செழுத்துக் கோக்க மாட்டோம். காரணம் சொல்லவே இந்த ஒரு தாள்.’”

“அப்பறம் எடுத்தாங்களா?”

“தெரியலக்கா. தேதியப் பாத்தா, அடுத்த இதழ் ஆறு வாரம் கழிச்சுத்தான் வந்திருக்கு.”

புத்தகம் தைக்கும் அஸீமாவும் பவாஸும் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் தேவராசா வந்துவிட்டார்.

“என்ன கூட்டம்? வெள்ளிக்கிழமை குடுக்கோணும். பிள்ளை, கெதியா வெட்டு!”

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. விரல்கள் போனாலும் எரியாது. கிருஷாந்தி டேப்பை உரித்துக் கட்டையைப் பிடுங்கினாள்.

“கட்டையோட வெட்ட மாட்டேன் மொதலாளி. பயமா இருக்கு.”

“பயமெண்டால் வீட்டை போ. பவாஸ் வெட்டுவான்.”

பவாஸ் தலையாட்டி மறுத்தான். “எனக்கும் பயம்தான் மொதலாளி. கட்டை வேணாம். நஸீம் நானாவையும் திரும்ப எடுங்க.”

“அவன் கவனமில்லாதவன். இதில ஒண்டும் நடக்காது.”

“அப்ப நீங்களே ஒரு கட்டு வெட்டிக் காட்டுங்க” என்றாள் அஸீமா.

தேவராசா கட்டையைப் பறித்துச் செருகினார். இடது கையைத் தாளின்மேல் வைத்தார். கத்தியை ஒருதரம் பார்த்தார். கை தானாகவே பின்னுக்கு வந்தது. யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பயம் அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

“பின்னேரத்துக்குள்ள புது ஆள் கொண்டு வாறன், பாருங்கோ!” என்று கத்திவிட்டு வெளியேறினார்.

அஸீமா கிருஷாந்திக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். பவாஸ் மெசினின் சுவிட்சை அணைத்தான்.

“நாமளும் ஒரு தாள் எழுதுவோம்” என்றாள் கிருஷாந்தி. “வர்றவருக்கு விஷயம் தெரியட்டும். சிங்களத்திலயும் எழுதுங்க.”

நால்வரும் கையெழுத்திட்டு அதை வாசற்கதவில் ஒட்டினார்கள். அவள் கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

மூன்று மணிக்கு முச்சக்கரவண்டியொன்று வந்து நின்றது. இறங்கிய இளைஞன் படியிலேயே நின்று தாளை வாசித்தான். உள்ளே நால்வரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் மெசினைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

பேனை இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான்.