ஸோமோ கட்டிய பாங்தென்

காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னவர்கள் மதியம் தாண்டியும் வரவில்லை.

யாங்கி மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். கீழே பாக்ஸு சாலையில் டாக்ஸிகளும் சுற்றுலாக்காரர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். திபெத்திய வழக்கப்படி சாங் மதுக் குடமும் கதா என்னும் வெள்ளைத் துண்டும் ஏந்திப் பெண் கேட்டு வரும் கூட்டத்தை மட்டும் காணோம். டேராடூனிலிருந்து நேற்றே வந்து மேல்தெரு விடுதியில் இறங்கிவிட்டார்கள். நாலு எட்டு வைத்தால் வீடு.

"போனையே எடுக்க மாட்டேங்கிறாருக்கா லுண்டுப்," என்றாள் தங்கை ஸோமோ. விரல்கள் புது சுபா அங்கியின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தன.

"பேட்டரி தீர்ந்திருக்கும்டி."

சொன்னாளே தவிர, யாங்கிக்கே அது நம்பும்படியாக இல்லை. அம்மா போன பிறகு ஸோமோவுக்கு எல்லாமே அவள்தான். மனசுக்குப் பிடித்த லுண்டுப்போடு தங்கை வாழப்போகிறாள் என்று இத்தனை நாள் பூரித்துக் கிடந்தாள். இது கைநழுவிப் போனால்?

போன் அடித்தது. பேசியது நெசவுக்கூடத்துப் பல்மோ.

"என்னடி யாங்கி, தங்கச்சி கல்யாணத்தை எங்களுக்குச் சொல்லாமலே முடிச்சுட்டியா?"

"என்ன உளறுறே?"

"நான் உளறலம்மா. டேராடூன்ல என் நாத்தனார் கேக்கிறா. நம்ம கடைப் படம் அங்கே போன் போனா சுத்துதாம். பாங்தென் கட்டிக்கிட்டு நிக்கிறாளே, இவ யார் பெண்டாட்டின்னு."

எந்தப் படம் என்று யாங்கிக்குப் புரிந்துவிட்டது.

வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த நெசவுக்காரிகளுக்காக, வண்ணக் கோடு போட்ட பாங்தென்களை இணையத்தில் விற்கலாம் என்று ஆரம்பித்தவளே அவள்தான். அதை இடுப்பில் கட்டி முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க ஒருத்தி வேண்டும். நெசவுக்காரிகள் கேமராவைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். "நீ நில்லுடி" என்று ஸோமோவுக்குத் தன் கையாலேயே கட்டிவிட்டாள். கல்யாணமானவள்தான் பாங்தென் கட்டுவாள் என்பது யாங்கிக்குத் தெரியாதா? வாங்கப்போவது வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். நம்மவர்களும் பார்ப்பார்களே என்று தோன்றவே இல்லை. தறிகள் ஓயாமல் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் அந்தப் படத்தை மறந்தே போனாள்.

செருப்பை மாட்டினாள்.

"எங்கேக்கா? பெண் வீட்டுக்காரங்களே தேடிப் போனா ஊர் சிரிக்கும்!"

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

விடுதி மாடியில் லுண்டுப்பின் அம்மா நோர்ஸோம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளிம்பில் மங்கலத்துக்காக வெண்ணெய் அப்பிய சாங் குடம் காலடியில் அப்படியே இருந்தது. மூலையில் நின்ற லுண்டுப்பின் கண்கள் சிவந்திருந்தன.

"அமாலா," என்று அம்மா முறை வைத்தே கூப்பிட்டாள் யாங்கி. "அந்தப் பாங்தெனைக் கட்டிவிட்டது நான். விக்கிறதுக்காக. அவளுக்கு உங்க பையனைத் தவிர யாரையும் தெரியாது. தப்பு என்னோடது."

"தெரியும். இவன் காலையிலேர்ந்து அழுது அழுது சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் வரலை?"

"எப்படி வர்றது? யாரோட பெண்டாட்டியைக் கேக்கப் போறோம்னு கீழே என் கொழுந்தனாரெல்லாம் நக்கலடிக்கிறாங்க. இவன் போனையும் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. உங்க பக்கத்திலேர்ந்து யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களான்னு நானும் வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன்."

"படத்தை இப்பவே எடுத்துடறேன் அமாலா."

"இப்ப எடுத்தா மறைக்கிறாங்கம்பாங்க. அந்தப் பொம்பளைங்க பொழைப்பும் போகும். நல்லதா ஒண்ணு கொடு, நானே கட்டிக்கிட்டு நிக்கறேன். என்னை யாரும் பெண் கேட்டு வரமாட்டாங்க."

லுண்டுப் சிரித்துவிட்டான். யாங்கிக்குச் சிரிப்பு வரவில்லை.

"கீழே இருக்கிறவங்க?"

"அவங்ககிட்டயும் நீதான் சொல்லணும். எங்கிட்ட சொன்ன மாதிரியே."

கீழ்க்கூடத்தில் அவள் நுழைந்ததும் அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. எப்படியோ ஆரம்பித்தாள். படம் எடுத்த கதையை ஒன்று விடாமல் சொன்னாள். பெரிய கொழுந்தனார் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "வியாபாரத்துக்குத் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த முதல் ஆளு நீதான்." பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் லுண்டுப், குடத்தை எடுத்துட்டு வாடா. பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்."

"நீ முன்னால ஓடு," என்று மாடியிலிருந்து இறங்கி வந்த நோர்ஸோம் அவள் முதுகில் தட்டினாள். "எங்களை வரவேற்க வாசல்ல ஆள் வேணாமா?"

யாங்கி சரிவில் ஓடினாள். மேலே ஜன்னலில் ஸோமோவின் முகம் வெளுத்துத் தெரிந்தது. மூச்சிரைப்பில் யாங்கிக்குப் பேச்சு எழவில்லை. கையை மட்டும் பின்னால், மேல்தெருப் பக்கம் நீட்டினாள்.