கூஷ் என்றால் இரண்டு

1

இந்தக் கதை, ஒரு கணவன் ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. சொல்: கூஷ். மார்செய்யில் அணுக்களை அடுக்குகிறவர்களுக்குக் கூஷ் என்றால் படலம். பிள்ளை பெறுகிறவர்களுக்கு டயப்பர். பத்தொன்பது வருடமாக இங்கே ஓர் ஆய்வகத்தில் வெற்றிடப் பம்புகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். சொல்லின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும், அதனால்தான் இதை என்னைத் தவிர யாரும் எழுதக் கூடாது என்ற அகம்பாவம்.

2

‘மிஸ்திரால் காற்று வெள்ளி நிறத்தில் ஊளையிட்டபடி பைன் மரங்களை’

[காற்றுக்கு ஏது நிறம்? அடித்துவிட்டேன். அழிக்க மனமில்லை, கிடக்கட்டும்.]

நேராகவே சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யும் செவெரின் கஸ்பாரியனுக்கு வயிற்றில் எட்டு மாதம். வெள்ளிக்கிழமை மாலை பேறுகால விடுப்பு தொடங்குகிறது. திங்களன்று மெஷின் வேறு குழுவின் கைக்குப் போகும், அவர்கள் வெற்றிடக் கலத்தைத் திறப்பார்கள், காற்றுப் பட்டதும் உள்ளே இருப்பது பாழாகிவிடும். உள்ளே இருப்பது அவளுடைய மூன்று வருடம்: வெள்ளித் தகட்டின் மேல் ஒரே ஓர் அணு கனத்தில் சிலிக்கான். வெள்ளியின் சூடு குறைந்தால் சிலிக்கான் குவியலாகக் குந்திவிடும், கூடினால் வெள்ளிக்குள் மாயமாகும். இந்த வாரம் சரியாகப் படிந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள். அணு அணுவாகத் தடவிப் பார்க்கும் ஊசி நுண்ணோக்கியில் படம் எடுத்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

ஊசிக்கு அமைதி வேண்டும். வியாழன் முதல் மிஸ்திரால் அடித்தது. கட்டடம் ஆட, குளிர்நீர்க் குழாய் சுவரில் மோதி டக், டக் என்றது. படம் முழுக்க வரி வரியாகக் கோடு.

வெள்ளிக்கிழமை காலை அவள் போனில் கத்தியது எனக்குக் கேட்டது.

"கையில கூஷ் இல்லாம நான் வீட்டுக்கு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

3

போனின் அந்தப் பக்கம் அவள் கணவன். இங்கேதான் எனக்குத் தயக்கம். கோர்சிகாக்காரன், நகரப் பேருந்து ஓட்டுகிறவன், பெயர் தூசேன். ஒரு துளித் தூசு ஆகாத ஆய்வகத்துக்குள் தூசேன் என்று ஒருவனை நுழைத்தால் தமிழ் வாசகர் நான் வேண்டுமென்றே வைத்த பெயர் என்று நினைப்பார். பெயரை மாற்றிப் பார்த்தேன். அவன் அவனாக இல்லை. தூசேனே இருக்கட்டும்.

4

மதியம் தூசேன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு கையிலும் மூட்டை. நூற்றிருபது டயப்பர்.*

"இந்தா கூஷ். இப்ப வீட்டுக்கு வர்றியா?"

செவெரின் மூட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா நான் எதைத் தேடுறேன்னு நெனச்ச?"

"மூணு வருஷமாவா? வயித்துல எட்டு மாசம்தானே ஆச்சு?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். நான் பம்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று வருடத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

குழாய் டக் என்றது.

"மூரு," என்றாள் என்னிடம். (முருகேசனில் பாதிதான் அவள் வாயில் நிற்கும்.) "சைஸ் என்ன போட்டிருக்கு?"

"பச்சைக் குழந்தைக்கு."

"குழாய்க்குச் சரியா இருக்கும். பிரி."

மூவரும் குழாய்க்கு டயப்பர் கட்டினோம். தூசேன் பக்கப் பட்டையை இழுத்து ஒட்டிப் பழகினான். "ரொம்ப இறுக்காத, மூச்சு முட்டும்," என்று அவள் கிண்டல் செய்தாள். நாற்பத்தொரு டயப்பர் போனது. டக் நின்றது.

ஊசி நகர்ந்தது. திரையில் மேலிருந்து கீழாகப் பூக்கள் வந்தன. ஆறிதழ்ப் பூக்கள், வரிசை பிசகாமல், கோலம் போட்ட மாதிரி.

"இதுதான் கூஷா?" என்றான் தூசேன் மெதுவாக.

"இதுதான்."

"அழகா இருக்குடி."

\* நூற்றிருபது என்று பிறகு எண்ணியது நான். கதைக்காகக் கூட்டவில்லை.

5

முடிவு ஒன்று: டயப்பர் காப்பாற்றியது. தூசேனுக்குப் பிடித்த முடிவு. அவன் பேருந்தில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான்.

முடிவு இரண்டு: ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது பைன் மரங்கள் அசையாமல் நின்றன. மிஸ்திராலும் அந்த நேரத்தில்தான் நின்றிருக்கிறது. எது முதலில் நின்றது, காற்றா குழாயா, யாரும் கவனிக்கவில்லை.

முடிவு மூன்று: ஆய்வுக் கட்டுரையில் ‘அதிர்வு எவ்வாறு தணிக்கப்பட்டது’ என்ற இடத்தில் செவெரின்

[இதை முடிக்க அவள் அனுமதிக்கவில்லை.]

காப்பாற்றியது டயப்பரா, காற்று நின்றதா என்று கண்டுபிடிப்பது எளிது. அடுத்த மிஸ்திராலில் டயப்பரைக் கழற்றிவிட்டு ஊசியை ஓட்டிப் பார்த்தால் போதும். விடுப்பு முடிந்து வந்த அவளிடம் சொன்னேன். மூன்று வருடம் எதையும் சோதிக்காமல் நம்பாதவள், "கைய வச்சே, அவ்வளவுதான்," என்றாள்.

அவள் மகள் அரேனிக்கு இப்போது டயப்பர் தேவையில்லை. குழாய்க்குத்தான் இன்னும் கட்டியிருக்கிறது. பட்டையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். எனக்குத் தைரியமில்லை. இன்றைக்குக் காற்று அடிக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் உள்ளே வாருங்கள்.