சுவரைத் துடைத்த கை
சொட்டு, சொட்டு என்று மகள் நறுமுகையின் கட்டில்மேல் வைத்த மஞ்சள் வாளிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது, பக்கத்துச் சுவரில் கரும்பூஞ்சை என் உயரத்துக்கு ஏறிவிட்டது, இன்றைக்கு நான் அதைத் தொடப்போவதில்லை, இந்த வலென்சியாவுக்கு வந்து இரண்டு வருடமாகத் துடைத்துத் துடைத்து என் கைதான் வெந்தது, நறுமுகைக்கு இருமல் போகவில்லை. நேற்று ஸ்பானிஷ் வகுப்பில் பிலார் டீச்சர் பாழான வீட்டின் படத்தைக் காட்டுகிறாள், எங்கே என்ன கேடு என்று சொல்லச் சொல்கிறாள், கொத்தேரா என்றால் ஒழுகல், உமேதாத் என்றால் ஈரம், மற்றவர்கள் விளையாட்டாய்ச் சொல்கிறார்கள், நானோ நோட்டில் அழுத்தி அழுத்தி எழுதுகிறேன், இந்த இரண்டு சொல் அன்றைக்கு என் வாயில் இருந்திருந்தால், அன்றைக்கு என்றால் போன மழைக்காலம், வீட்டு ஓனர் ராமிரோ ஒழுகலைப் பார்க்க வருகிறார் என்றதும் என் புருஷன், இவர், வீட்டுக்கு ஒருத்தர் வர்றாரு, இப்படியா போட்டு வச்சிருப்ப, என்கிறார், என் புத்தியும் எங்கே போயிற்றோ, யாராவது வருகிறார்கள் என்றாலே துடைப்பத்தைத் தேடும் கை, பிளீச்சிங் போட்டுச் சுவரைத் தேய்த்தேன், வாளியை ஒளித்தேன், மிச்சக் கறைமேல் முருகன் காலண்டரை மாட்டினேன், பார்க்க வந்ததையே மறைத்துவிட்டுக் காபியும் தட்டையும் நீட்டினேன், அன்று மழையும் விட்டிருந்தது, ராமிரோ தட்டையைக் கடித்தபடி சுற்றிப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கையை விரித்தார், இவர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார், உள்ளே பிள்ளை இருமினாள், நான் காபித் தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

இன்றைக்கு மறுபடியும் வருகிறார், காலண்டரைக் கழற்றிவிட்டேன், பால்கூடக் காய்ச்சவில்லை, சுவத்தத் துடைக்கலையா என்கிறார் இவர், தொட்டீங்கன்னா இருக்கு சேதி என்கிறேன், பெல் அடிக்கிறது, ராமிரோ நேரே இவர் முகத்தைப் பார்க்கிறார், இவர் சிரிக்க ஆரம்பிக்கிறார், நீங்க சும்மா இருங்க என்று நான் முன்னால் போகிறேன், ஐ உனா கொத்தேரா, ஒழுகுது, உமேதாத், ஈரம், என் பொண்ணு இருமுறா, ரெண்டு வருஷமா, ஸ்பானிஷும் தமிழும் கலந்து கொட்டுகிறது, தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வந்தவரை நிற்க வைக்கக்கூடாதல்லவா, வாளியை எடுத்துக்கொண்டு கட்டிலைக் காட்டுகிறேன், சியென்தேசே, உட்காருங்கள், தயங்கித் தயங்கி உட்காருகிறார், இவர் வாளிக்குக் கை நீட்டுகிறார், நான் விடவில்லை, சொட்டு, சொட்டு என்று ராமிரோவின் இஸ்திரி போட்ட சட்டைமேல் விழுகிறது, அவர் முதல்முறையாக அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்.